கோமதி ஆச்சி எந்த வீட்டுக்காரி

ஆச்சி தவறிவிட்டாள் என்ற தந்தி மதுரையில் என் அலுவலகத்துக்கு வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி, சங்கரன்கோவிலில் இறங்கியதும் நேரே ஆச்சி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் பந்தல் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை, கதவில் பூட்டுத் தொங்கியது. தந்தியை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று ஒரு நிமிடம் சந்தோஷம்கூடப் பட்டேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுச் செல்லம்மக்கா ஓடி வந்து, "ஏட்டி, இங்கன எதுக்கு வந்த? ஒங்க வீட்டுலல்லா கெடத்தியிருக்கு" என்றாள். அன்று தொடங்கிய குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கோமதி ஆச்சியை அறிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பாவைப் பெற்றவள். தாத்தா போன பிறகு கோழி வளர்த்து, முட்டை விற்று, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள். எங்கள் வீடு ரயில் நிலையத்துப் பக்கம், நடக்கிற தூரம்தான். அப்பா கூப்பிடும்போதெல்லாம், "கையும் காலும் ஓடுதுல்லா, ஓடட்டும்" என்பாள். மகன் சோறு போடவில்லை என்று ஊர் பேசியது. அதைக் கேட்டு அப்பா குமைந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஒரு படம் வந்தது. வைராக்கியமாகத் தனியே வாழ்கிற ஒரு கிழவியை, கடைசியில் பிள்ளைகள் காலில் விழுந்து வீட்டுக்கு அழைத்துப் போகிற கதை. மேட்னி பார்த்த அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆச்சி வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். சிவந்த கண்ணைப் பார்த்த ஆச்சி, மகன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்துவிட்டாள். "அழாதல. இங்கன இரு. அவளா வந்து கூப்பிட்டாத்தான் போகணும்" என்று பாய் விரித்து, முட்டை பொரித்துச் சோறு போட்டாளாம். அழைக்கப் போனவர் வந்த விஷயத்தைச் சொல்லாமலே தின்றுவிட்டுத் திரும்பினார். நாங்கள் வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தோம். ஆச்சிக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாளா என்பதை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகனை அழவைத்த படத்தைப் பார்க்க வேண்டும் என்று பிறகு அவளே கேட்டாள். நான்தான் கூட்டிப்போனேன். முடிவில் எங்களைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். ஆச்சி வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "அந்தக் கெழவி மவன் வீட்டுக்குப் போனது சரி. அதுக்கு எதுக்கு அழுதா?" என்று என்னிடம் கேட்டாள். போனது சரி என்கிறவள் ஏன் வரவில்லை என்று திருப்பிக் கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில், துணிப்பையும் கையுமாக அவளே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறாள்; மதுரையில் இருந்த எனக்கு அது தெரியாது. எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கிளம்பிவிடுவாளோ என்று அப்பாவுக்குப் பயம். அந்த வாரம் முடியுமுன் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். இருக்கத்தான் வந்தாள், இல்லாவிட்டால் உயிரான கோழிகளை அடுத்த வீட்டில் விட்டு வருவாளா என்றாள் அம்மா. "நான் வாரவரைக்கும் பாத்துக்கோ" என்றல்லவா தன்னிடம் சொன்னாள் என்று செல்லம்மக்கா அழுதாள். ஆச்சி மனம்விட்டுப் பேசுவது என்னிடம்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை.

எங்கள் வாசலிலிருந்து தூக்கினால் மகன் சோறு போடவில்லை என்கிற ஊர்வாய் அன்றோடு அடைபட்டுவிடும். சொந்தத்தில் பெரியவர் ஒருவரும், போன உயிரை வீடு மாற்றுகிற வழக்கம் நமக்கு இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்பா ஆச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "விருந்தாடி வந்தவ, அண்ணாச்சி. அவ வீட்டுல கொண்டு விட்டுருதேன். அங்கனருந்து போகட்டும்" என்றார். அப்படியே செய்தோம். பூட்டிய கதவைத் திறந்து, அவள் வீட்டு நடுவில் அவளைக் கிடத்தினோம். அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆச்சி பார்த்துவிட்டுப் போக வந்திருந்தால், சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். இருக்கத்தான் வந்திருந்தால்?

காரியம் முடிந்து நான் மதுரைக்குக் கிளம்பியபோது அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, யாருக்கும் கேட்காத குரலில், "ஏட்டி, அவ இருக்கதுக்குத்தான் வந்திருப்பாளோ?" என்றார்.

"இல்லப்பா. பாத்துட்டுப் போகத்தான் வந்தா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். அவரைப் பிடித்து ஆட்டிய அந்தச் சந்தேகம் அப்போது முழுசாக என்னிடம் வந்துவிட்டது. ஆச்சி விட்டுப்போனதில் என் பங்கு அதுதான். அப்பா இருக்கிறவரை அதை நான்தான் வைத்திருக்க வேண்டும்.