சட்டை விலகியதா, விலக்கினாரா

லீலண்ட் ப்ரூயிட் ஒரு கிழவியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துவிட்டாராம். எனக்கு இதைச் சொன்னவள் வெர்லா. அவளுக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது கிளினிக்கில் தரை துடைக்கும் பெண். அந்தப் பெண்ணும் கண்ணால் பார்க்கவில்லை. அலறல் கேட்டு அவள் வாசலுக்கு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நெத்தியிலயா?" என்றேன்.

"நெத்தியோ நெஞ்சோ, வச்சாருல்ல கண்ணு? பிரஷர் மாத்திரை வாங்க வந்தேன். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு எகிறிப்போச்சு."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர் சிரித்தார். "லீலண்டா? கொசு கடிச்சாக்கூட மன்னிச்சு அனுப்பற ஆளும்மா அவரு."

"கொசு அவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசாதுல்ல," என்றாள் வெர்லா.

மருந்துக்கடையில் என் வேலை மாத்திரைகளைச் சரிபார்த்துக் கொடுப்பது. ஊர்வாய் முழுக்க அந்த மேசை வழியாகத்தான் போகும். மற்ற வதந்திகளை மாத்திரையோடு சேர்த்துப் பையில் போட்டு அனுப்பிவிடுவேன். இதை முடியவில்லை. லீலண்ட் எனக்குப் பக்கத்து வீடு.

மிசௌரியின் தென்மலைப் பக்கத்தில் இடுப்பில் துப்பாக்கி இருப்பது சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி இருப்பதைப் போல. யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் காட்டமாட்டார்கள். லீலண்ட் டோயிங் வண்டி ஓட்டுபவர். ஒருவனின் காரை அவன் கண்ணெதிரே கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகும் தொழில். நன்றி சொல்பவர்கள் பாதி, சாபம் விடுபவர்கள் பாதி.

நான் இங்கே வந்த புதிதில் என் கார் பனியில் சறுக்கி நின்றுவிட்டது. அவர்தான் வந்து இழுத்தார். வண்டியில் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபோது அவர் வலது இடுப்பில் சட்டை புடைத்திருப்பது தெரிந்தது. நான் கதவோரமாக ஒதுங்கியதை அவர் கவனித்துவிட்டார்.

"பயப்படாதீங்க மாத்திரையம்மா. இது என் வாய்க்குப் போட்ட பூட்டு."

"புரியலையே."

"இது இடுப்புல ஏறின நாள்ல இருந்து நான் ஒரு சண்டையிலயும் ஜெயிச்சதில்ல. ஜெயிக்கவும் கூடாது. எவனாவது எங்கம்மாவைத் திட்டினாக்கூட 'சரிங்க'ன்னுட்டு வண்டியை எடுக்கணும். நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா அவன் ஒரு எட்டு முன்னால வருவான். அவன் கை ஓங்கினா எனக்குப் பயம் வரும். பயம் வந்தா என் கை எங்க போகும்? அப்புறம் கோர்ட்ல ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. முதல் வார்த்தை யாருதுன்னு."

அதற்கு முன்பு அவர் வாய் அந்த வட்டாரத்திலேயே பெரிய வாயாம். ஒரு நாள் வழிப்போக்கன் ஒருவனோடு வார்த்தை முற்றி, அவன் சக்கரம் கழற்றும் இரும்பால் அடித்ததில் லீலண்டின் இடது கண்ணுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. அது ஆறியதும் துப்பாக்கி வகுப்புக்குப் போனார், உரிமம் எடுத்தார், துப்பாக்கி வாங்கினார். வாங்கியவர் அடியோடு மாறிப்போனார்.

"கல்யாணத்தன்னிக்கே ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கணும்," என்பாள் அவர் மனைவி ரோண்டா. "எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பேன்!"

துப்பாக்கிக்கென்று அவர் வைத்திருந்த ஆசாரங்களை ஒரு மடிப் பாட்டியும் கடைப்பிடித்திருக்க மாட்டாள். மீன் வறுக்கும் விருந்தில் ஒரு வாய் பீர் குடிக்க வேண்டுமென்றால், முதலில் வண்டி இருக்கைக்கு அடியில் பற்றவைத்த இரும்புப் பெட்டியில் துப்பாக்கி பூட்டப்படும். தபாலாபீசுக்குப் போய்வருவது ரோண்டாவின் வேலை, ஏனென்றால் அங்கே துப்பாக்கி வாசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தேவாலயத்துக்குள் கொண்டுவரலாமா என்று போதகரிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கர்த்தர் பாத்துக்குவார் லீலண்ட்," என்றாராம் அவர், "நீயும் கொஞ்சம் பாத்துக்க." வெளியே தெரியக் கூடாதென்று ரோண்டா எப்போதும் ஒரு அளவு பெரிய சட்டையாகவே எடுப்பாள்.

கிளினிக்கில் நடந்தது இதுதான். ட்ரெண்ட் ஹாஸ்கின்ஸ் மரமில்லில் வேலை செய்பவன். அவன் தாய் ஓப்பலுக்கு நுரையீரல் சரியில்லை, ஆக்சிஜன் உருளையோடு வாழ்பவள். அன்று அவளுக்கு மூச்சு முட்டவே, வண்டியை ஆம்புலன்ஸ் வாசலிலேயே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். வாசல் அடைபட்டிருப்பதைப் பார்த்து கிளினிக்காரர்கள் லீலண்டைக் கூப்பிட்டார்கள். ட்ரெண்ட் தாயோடு வெளியே வந்தபோது வண்டியின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் இருந்தன.

ட்ரெண்ட் கத்தினான். லீலண்ட் "சரிங்க, இறக்கிடறேன்" என்றார். ட்ரெண்ட் இன்னும் கத்தினான். வண்டியை இறக்க, மேலே தொங்கிய கொக்கியை எடுக்க லீலண்ட் வலது கையைத் தூக்கினார். சட்டை மேலே போனது. துப்பாக்கியின் கறுத்த பிடி வெளியே தெரிந்தது. ஓப்பல் அலறினாள்.

அவ்வளவுதான். நெற்றியும் இல்லை, நெஞ்சும் இல்லை. ஆனால் கோபத்தில் இருக்கும் ஒருவனுக்குத் துப்பாக்கியைக் காட்டுவது இங்கே குற்றம். தானாக வெளியே தெரிந்துவிட்டால் குற்றமில்லை, காட்டினால் குற்றம். தமிழில் யோசிக்கிற எனக்கு இது இன்னும் மெல்லிய கோடு. சட்டை விலகியது என்றால் அவர் வீட்டில் இருப்பார். விலக்கினார் என்றால் சிறையில் இருப்பார். விலகுவதற்கும் விலக்குவதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஒற்றெழுத்து.

"அந்தச் சட்டையை நான்தான் காயவைக்கற மெஷின்ல போட்டுச் சுருக்கினேன்," என்று ரோண்டா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஷெரிஃபின் ஆள் வந்து கேட்டபோது, வக்கீல் வரட்டும் என்று லீலண்ட் வாயை மூடியிருக்கலாம். வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவரோ, "வேணும்னு தூக்கினேனான்னு கேட்டா, எனக்கே தெரியல தம்பி" என்று சொல்லிவிட்டார்.

வேலி ஓரத்தில் என்னிடம் இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"கொக்கிய எடுக்கத்தான் கையைத் தூக்கினேன் மாத்திரையம்மா. அது சத்தியம். ஆனா இடது பக்கமும் ஒரு கொக்கி தொங்கிச்சு. கிட்டக்கவே. நான் எதுக்கு வலது கையைத் தூக்கினேன்?"

"வலது கைதானே உங்களுக்குப் பழக்கம்?"

"அப்படியும் இருக்கலாம். அவன் திட்டினப்ப வாயைத்தான் பூட்டி வச்சிருந்தேன். கையை யாரு பூட்டினது?"

"இதை உங்க வக்கீலம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க."

அரசு வக்கீல் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். இலையெல்லாம் உதிர்ந்து, முதல் பனியும் விழுந்தது. அந்த நாட்களில்தான் ட்ரெண்ட் தாய்க்கு மருந்து வாங்க என் மேசைக்கு வந்தான். அவன் கோட்டின் வலது பக்கம் புடைத்திருந்தது.

"என்ன மேடம் பாக்கறீங்க? முறையா வகுப்புக்குப் போயிட்டுத்தான் வச்சிருக்கேன்."

"ஒண்ணுமில்ல ட்ரெண்ட். அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறதே இல்ல. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறாங்க." மருந்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தான். "உங்க பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்னு ஊரே சொல்லுது. நல்லவர்னா 'நான் காட்டல'ன்னு சொல்லியிருக்கணும் இல்ல? 'தெரியல'ன்னா என்ன அர்த்தம்? நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"உண்மையைச் சொல்லியிருக்காரு."

"இருக்கட்டும். ஒரு தடவை மிரட்டினவன் கை மறுபடி இடுப்புப் பக்கம் போச்சுன்னா, என்ன எடுக்கறான்னு நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நின்னா எங்கம்மாவுக்கு யாரு?"

கதவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணாடி வழியாகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கிலி பிடித்திருக்காது. சுட்டவனிடம் சட்டம் கேட்பது, உன் பயம் நியாயமானதா என்றுதான். இங்கே இரண்டு பேர் பயமும் நியாயமானது. இருப்பதோ ஒரே கடைத்தெரு, ஒரே மளிகைக்கடை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? பார்த்துவிட்டால், உயிரோடு மிஞ்சுகிறவன் "பயந்துட்டேன்" என்பான். ஊரும் நம்பும்.

ட்ரெண்டும் துப்பாக்கி வைத்திருப்பது தெரிந்ததும் லீலண்ட் ஒதுங்கித்தான் போனார். மில் பக்கத்து வேலைகளை வேறு டோயிங்காரருக்குத் தள்ளிவிட்டார். மளிகைக்கும் ரோண்டாவே போனாள்.

பிறகு உறைமழை பெய்தது. மரக்கிளை, கம்பி, சாலை எல்லாம் கண்ணாடி பூசினாற்போல் ஆகிவிட்டன. மருந்துக்கடை திறக்கவில்லை, என் வீட்டில் மின்சாரமும் இல்லை. ரோண்டாவிடம் கேஸ் அடுப்பு இருந்ததால் காபிக்காக அவள் சமையலறைக்குப் போயிருந்தேன். இந்த ஊர்க் காலைச் சாப்பாடான, பன் மாதிரி இருக்கும் பிஸ்கட் மேல் ஊற்ற அவள் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டோயிங் அழைப்புகளுக்கு அவள்தான் பதில் சொல்வாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரோண்டா, நான் ஓப்பல் பேசறேன்." மூச்சுக்கு மூச்சு நிறுத்தி வந்தது குரல். "ஓடைப் பாலத்துக்கிட்ட வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு. உருளை தீரப்போகுது. ஆம்புலன்ஸ் மேட்டுல ஏற முடியலையாம். யாரையாவது அனுப்பு. லீலண்ட் வேணாம். வேற யாராச்சும்."

"வேற யாரும் இல்ல ஓப்பல். அந்த இன்னொருத்தன் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டான்."

ஓப்பல் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "ட்ரெண்ட் வெளிய மண்ணு தோண்டிக்கிட்டு இருக்கான். நான் உனக்குப் பேசினது அவனுக்குத் தெரியாது." அதோடு லைன் போய்விட்டது. ரோண்டா திருப்பிப் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை.

லீலண்ட் ஏற்கெனவே பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து, இடுப்பிலிருந்து துப்பாக்கியை உறையோடு கழற்றி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

"அதை எடுத்துட்டுப் போ கெழவா," என்றாள் ரோண்டா.

"எடுத்துட்டுப் போயி ஏதாவது ஆச்சுன்னா, தேடிப்போயி சுட்டான்னு சொல்லுவாங்க. சரியாத்தான் சொல்லுவாங்க."

"எடுக்காம போனா? எடுக்கலைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுவேன்."

"சொல்ற வரைக்கும் விடுவானா? தூரத்துல உன் வண்டி விளக்கைப் பாத்தாலே அவன் கை இடுப்புக்குப் போயிடும்."

"கெழவி அங்க மூச்சு விட முடியாம உக்காந்திருக்கா ரோண்டா. நான் இங்க உக்காந்து பிஸ்கட் திங்கவா?"

பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டார். முட்டிவரை வரும் கனத்த கோட்டு. அதற்குள் ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பவனுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

"கோட்டு இல்லாம போங்க," என்றேன் நான், அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தே.

"வெறைச்சுச் சாகவா மாத்திரையம்மா?" என்று சிரித்தார். "ஒண்ணும் ஆகாது. எறங்கின உடனே கோட்டைத் திறந்து, ஒண்ணுமில்லடா தம்பின்னு காட்டிடறேன்."

சங்கிலி கட்டிய சக்கரங்கள் பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டு போகும் சத்தம் திருப்பம் வரை கேட்டது. ரோண்டா அடுப்பைத் தணித்தாள். கரண்டியைக் கழுவினாள். பிறகு கையைத் துடைக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்லிட்டுப் போச்சு இந்தாளு? எறங்கின உடனே என்ன பண்ணுவேன்னு?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறங்கியதும் வலது கை கோட்டுக்குள் போகும். உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டுவதற்கும் ஒன்றை எடுப்பதற்கும் முதல் அசைவு ஒன்றுதான்.

அவள் ஈரக்கையோடு போனை எடுத்து லீலண்டின் எண்ணை அழுத்தினாள். தவறாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள். "கையைத் தூக்கி வச்சுக்கிட்டு எறங்கு, கோட்டைத் தொடாதே," என்று இன்னும் எடுக்காத போனிடம் முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டாள். "தொடாதே, தொடாதே."

ஓடைப் பாலம் தூரமில்லை. போய்ச் சேர்ந்திருப்பார் இந்நேரம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.