மூன்று தடவை வந்தால் நம்பு

தில்லைநாயகத்தைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவன் மேல் பாதி, என் மேல் பாதி. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். நான் குற்றாலத்தில் விடுதிக்காரர்கள் சங்கத்துக்குக் குமாஸ்தா ஆனேன். அவன் மெட்ராசில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனான். கம்பெனியை இழுத்து மூடியதும் எண்பத்தேழில் ஊர் திரும்பினான். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம். அந்தப் படிப்புக்குத் தென்காசியில் என்ன வேலை இருந்தது, சொல்லுங்கள்?

அதற்கு முந்தின சீசனில்தான் அருவியில் இரண்டு பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மலை மேலே மழை கொட்டும். கீழே வெயில் அடிக்கும். குளிக்கிறவனுக்கு என்ன தெரியும்? மேலே ஆற்றில் ஒரு மிதவை, அங்கிருந்து ஆபீஸ் வரை இரட்டைக் கம்பி, ஆபீஸ் மாடியில் அபாயச் சங்கு என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தலைவர் வீரபாகு அண்ணாச்சி ஏதோ ஒரு மில் கழித்துவிட்ட யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷினை வாங்கி வந்து, மாலை போட்டு, மேஜையில் உட்கார்த்தி வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று ஒருத்தருக்கும் தெரியாது.

"கம்பியை நேரா சங்குல மாட்டினா போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏ ஆவுடை, கம்ப்யூட்டர் காவல்னு போர்டு வைக்கணும்வே. அப்பதான் கூட்டம் பயமில்லாம வரும்."

தில்லைநாயகத்தை நான்தான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

அவன் எழுத வேண்டியிருந்தது ஒரு டிரைவர். பஸ் ஓட்டுகிறவர் இல்லை. புதிதாக ஒரு சாதனத்தைக் கொண்டுவந்து மாட்டினால், மிஷினை உள்ளிருந்து நடத்துகிற கெர்னலுக்கு அது இன்னதென்று தெரியாது. தெரியவைக்கிற சின்ன நிரலுக்கு அந்தப் பெயர். தண்ணீர் ஏறி மிதவை தூக்கினால் மேலே இரண்டு கம்பியும் தொட்டுக்கொள்ளும். ஆபீஸில் இருக்கும் பெட்டி உடனே ஒரே ஒரு எழுத்தை மிஷினுக்கு அனுப்பும். டிரைவர் அந்த எழுத்தை வாங்கி வைத்து, அதற்காகத் தூங்கிக் காத்திருக்கும் இன்னொரு நிரலைத் தட்டி எழுப்ப வேண்டும். அது சங்கை ஊதும். அவ்வளவுதான் சங்கதி.

அவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டேன். அவனுக்கு நாற்பது நாள் ஆயிற்று. ஒரு வரி மாற்றினாலும் கெர்னலையே மறுபடி கட்டி, மிஷினை அணைத்து ஏற்ற வேண்டும். தப்பு இருந்தால் திரையில் 'பேனிக்' என்று ஒரு சொல் வந்து எல்லாம் செத்துக் கிடக்கும். ஒருநாள் நான் மேலே போய் மிதவையைக் கையால் தூக்கினேன். கீழே சங்கு ஊதியது. நான் இறங்கி வந்து பார்த்தால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். ஏலே, இதுக்குப் போயா என்று கிண்டல் செய்தேன். பாவி நான்.

சங்கை நம்பாதவன் ஒருத்தன் இருந்தான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் நல்லகண்ணு. தண்ணீரில் சருகு வந்தால், நிறம் செம்மண்ணாக மாறினால், "ஏறுங்கலே, ஏறுங்க!" என்று கத்தி ஆட்களைக் கையைப் பிடித்துக் கரையேற்றுவான். இருபது வருஷமாக அதுதான் அவன் கணக்கு. தில்லைநாயகம் அவனைத் தேடிப்போய்ப் பேசினான்.

"நல்லகண்ணு, சருகு ஒன் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே மிதவை சொல்லிரும். சங்கு ஊதினா ஓடு. ஊதலேன்னா பயப்படாம நில்லு."

"நீங்க சொல்லுதீங்க, நான் கேக்கேன் அண்ணாச்சி" என்றான் அவன்.

அடுத்த வருஷம் சீசன் பிறந்தது. சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் ஒரு துணி காயாது. எந்த விடுதியில் பார்த்தாலும் ஈரத் துண்டு மலையாகக் குவிந்து கிடக்கும். எங்கள் கம்பியோ விடுதிகளின் பின்பக்கமாகத்தான் ஓடியது. விடுவார்களா? வரிசையாகத் துண்டைக் காயப்போட்டார்கள். காற்றடித்தால் கம்பி ஆடும், ஒன்றோடொன்று உரசும், பெட்டி ஒரு எழுத்தை அனுப்பும், சங்கு ஊதும். கூட்டம் எண்ணெய்த் தலையோடு ஓடும். ஒரே வாரத்தில் ஏழு தடவை. விடுதியைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் போக ஆரம்பித்தார்கள்.

"துண்டை எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் தில்லைநாயகம்.

"எடுத்துட்டு எங்கன போடுறது, ஒம்ம தலையிலயா? மிஷினைச் சரி பண்ணும்வே. இல்லேன்னா பெட்டியக் கட்டும்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "வெள்ளம்னா மிதவை குதிச்சுக்கிட்டே கிடக்கும்லா? எழுத்து மேல எழுத்தா வரும். துண்டு ஆடினா ஒண்ணோட நிக்கும். ஒரு நிமிஷத்துல மூணு தடவை வந்தா மட்டும் எழுப்புன்னு எழுதேன்லே."

"டிரைவர் வேலை வந்ததை அப்படியே எடுத்துக் குடுக்குறதுதாம்லே. நம்பலாமா வேண்டாமான்னு அது முடிவு பண்ணக் கூடாது" என்றான். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். போனால் வேறு வேலை கிடையாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் எழுதினான். சங்கு அடங்கியது. வீரபாகு அண்ணாச்சி எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம், ஆபீஸ் கடிகாரத்தில் மணி சரியாக இரண்டு. திடீரென்று கூச்சல் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அருவி செக்கச் செவேலென்று எதிரே இருக்கிற பாலத்தைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சங்கு ஊதவே இல்லை. நல்லகண்ணுவையும் அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் காணோம். தப்பித்தவர்கள் சொன்னார்கள்: சருகு வந்ததாம். ஏறிவிடலாமா என்று கேட்டார்களாம். "சங்கு ஊதலயே, நில்லுங்க" என்றானாம் நல்லகண்ணு.

மறுநாள் மேலே போய்ப் பார்த்தோம். மிதவையும் இல்லை, கம்பியும் இல்லை. வெள்ளத்தின் தலையிலேயே ஒரு முழு மரம் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. தில்லைநாயகம் ஆபீசுக்கு வந்து மிஷினில் ஏதோ தட்டினான். வந்த எழுத்தையும் சங்குக்குக் கொடுத்த எழுத்தையும் டிரைவருக்குள்ளேயே எண்ணி வைக்கும்படி எழுதியிருந்தான். அன்றைக்குக் காற்றே இல்லை, துண்டு ஆடியிருக்காது. வந்தது ஒன்று, நேரம் ஒன்று ஐம்பத்தொன்று. கொடுத்தது பூஜ்யம். மிதவை போகிற போக்கில் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது.

"இதை யார்கிட்டயும் சொல்லாதலே, ஒன் கால்ல விழுதேன்" என்றேன். 

பதினாறு கழிந்து நல்லகண்ணுவின் மனைவி குழல்வாய்மொழி ஆபீசுக்கு வந்தாள். நிவாரண மனுவில் கைநாட்டு வைக்க வந்தவள். நான் மையை எடுத்து வைத்தேன். அவள் மிஷினையே பார்த்தபடி நின்றாள்.

"அண்ணாச்சி, அவுக சாகுறவரைக்கும் இதைத்தான் நம்பிட்டு இருந்தாவ. அன்னைக்கு இதுக்கு ஒண்ணுமே தெரியலயா?"

பெருவெள்ளம், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை அவளிடமும் சொல்ல நான் வாயெடுத்தேன். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தில்லைநாயகம் எழுந்து நின்றான்.

"தெரிஞ்சுதும்மா. ஒம்போது நிமிசத்துக்கு முன்னாடியே சொல்லிச்சு. ஒரு தடவைதான் சொல்லிச்சு. நான் மூணு தடவை சொல்லுன்னு கேட்டேன்."

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கைநாட்டு வைக்காமல் படி இறங்கிப் போய்விட்டாள். மூன்று என்று சொன்னவன் நான் என்று அவன் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, மை டப்பாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.