குவென்காவுக்கு எத்தனை மதிப்பெண்

இந்த ஊரில் டிராமில் ஏறுகிறவர்கள் முதுகுப் பையைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள், சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள், எல்லோரும்தான். கைக்குழந்தையை அணைப்பதுபோலப் பையை அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நிற்கிறார்கள். யாரும் யாரையும் சந்தேகிப்பதாகத் தெரியவில்லை. மழைக்குக் குடை விரிப்பதுபோல அது ஒரு பழக்கம். எங்கள் வீட்டுக்காரம்மா தோன்யா ரோசாரியோ, நான் வாசலைத் தாண்டும்போதெல்லாம் "குயிதாதோ" என்பார். கவனம் என்று பொருள். கைபேசியைத் தெருவில் எடுக்காதே, இருட்டியபின் ஆற்றங்கரைப் பக்கம் போகாதே என்று பின்னாலேயே அறிவுரையும் வரும். வந்த புதிதில் நானும் பையை மார்பில்தான் மாட்டிக்கொண்டேன். பிறகு வயிறு பெரிதாகிவிட்டது. பைக்கு இடமில்லை.

குவென்கா, ஈக்வடார் நாட்டின் மலைநகரம். விழுப்புரம் மாவட்டத்து வெயிலில் வளர்ந்த ஒருத்திக்கு, யாரோ குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு மூட மறந்ததுபோல் இருக்கும். மின்விசிறியும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நகரத்துக்குள் ஆறுகள் ஓடுகின்றன, அவற்றில் தண்ணீரும் ஓடுகிறது. இப்படியெல்லாம் கவனித்து எழுதுவது இப்போது என் பிழைப்பு. சென்னையில் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், இன்று ஓர் இணையதளத்துக்காக, குறைந்த செலவில் தங்கி மடிக்கணினியில் வேலை பார்க்க ஏற்ற நகரங்களை மதிப்பிடுகிறேன். படிப்பவர்கள் தங்களை டிஜிட்டல் நாடோடிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாடகை, இணைய வேகம், தட்பவெப்பம், மருத்துவம், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நான் மதிப்பெண் போடவேண்டும். குவென்காவுக்கு மற்ற எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் போட்டுவிட்டேன். பாதுகாப்பு என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

நானும் என் கணவர் அருளும் திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில் படித்தோம். என் வீடு பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில். மல்லாட்டையும் நெல்லும் போடும் குடும்பம், நிலம் சொந்தம். அவர் வீடு அதே சாலையில் சற்றுத் தள்ளி, மாதா கோயில் இருக்கும் காலனியில். அவருடைய அம்மா எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் களை எடுத்தவர். இதற்கு மேல் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாங்கள் ஒரே பேருந்தில் ஏறுவோம், அவர் பின்வாசல் வழியாக, நான் முன்வாசல் வழியாக. விடுமுறை நாட்களில் கூட்டேரிப்பட்டு வரை போவோம். நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நான், எதிர்ப்பக்கக் கடையில் அவர். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி பேசுவோம். நடுவில் லாரி வந்தால் முகம் மறையும், குரல் மட்டும் வரும். "லாரி போவட்டும், இரு" என்பார். காதலித்த காலம் முழுவதும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததில்லை.

நாளிதழில் இருந்தபோது, 'காதல் தம்பதி பாதுகாப்புக் கேட்டுத் தஞ்சம்' என்ற தலைப்பில் அடிக்கடி ஒரு துண்டுச் செய்தி என் மேசைக்கு வரும். பெயர், வயது, ஊர், 'வேறு வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள்' என்ற வரி. பிறகு என்ன ஆனார்கள் என்பது இருக்காது. இடத்துக்குத் தகுந்தபடி வெட்டி அனுப்புவேன். ஒரு நாள் அந்தத் துண்டில் நாங்களும் வந்தோம். அருளின் வயதைத் தவறாகப் போட்டிருந்தார்கள். காவல் நிலையத்துக்கு என் பெற்றோர் வந்தார்கள். இனி இவளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் எழுதச் சொல்லவில்லை. பின்னால் ஒரு நாள் தொலைபேசியில், "உங்கப்பா தான எழுதிக் குடுத்தாரு? நா எங்க கையெழுத்து போட்டேன்?" என்று கேட்டாள். அந்தச் சட்ட நுணுக்கத்தின் பலத்தில்தான் எங்கள் பேச்சு இன்றுவரை நடக்கிறது. சென்னையில் வீடு மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு சொந்தக்காரர் தெருமுனையில் வந்து நிற்பார். ஒன்றும் செய்யமாட்டார், நின்றுவிட்டுப் போவார். எங்கிருந்தும் செய்யலாம் என்ற மென்பொருள் வேலை அருளுக்குக் கிடைத்ததும், சென்னை வாடகைக்கு உலகத்தில் வேறு எங்கே வாழலாம் என்று தேடினோம்.

வந்த மறுநாள் மாலை தொமெபாம்பா ஆற்றங்கரையில் நடந்தோம். அருள் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதுகு கூசியது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு நாய் வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். சில நாட்கள் கழித்து தோன்யா ரோசாரியோ சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ப்ரீமோஸ்?" என்றார். மாமன், அத்தை பிள்ளைகளா என்று கேட்கிறார். ஒரே நிறம், ஒரே மூக்கு, ஒரே குடும்பம் போலத் தெரிகிறதாம். எங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று அருள் தன் அரைகுறை ஸ்பானிஷில் சொன்னதும், நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்படியென்றால் ஒரு குறையும் இல்லை" என்றார். நாங்கள் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தோம். மாமன் மகனாக இருந்திருந்தால் ஊரே வந்து பந்தல் போட்டிருக்கும் என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

இதைப் படித்துவிட்டு குவென்காவைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே தோன்யா ரோசாரியோ, மாடி அறையைக் கேட்டு வந்த ஓர் இளம் தம்பதியைப் பேச்சு உச்சரிப்பை வைத்தே வெனிசுவேலாக்காரர்கள் என்று கண்டுபிடித்து, அறை காலியில்லை என்று அனுப்பிவிட்டார். அறை காலியாகத்தான் இருந்தது. அவர் சொன்ன தொனி எனக்குப் பழக்கமான தொனி. அகலப் பாவாடை கட்டிச் சந்தையில் கீரை விற்கும் மலைக்கிராமத்துப் பெண்களைப் பற்றிப் பேசும்போதும் அவர் குரல் லேசாக மாறும். ஓர் ஊர் பாதுகாப்பானதா என்று கேட்பவர்கள், யாருக்கு என்று சேர்த்துக் கேட்பதில்லை. நான் பத்துக்கு ஒன்பது போட்டு அனுப்பினேன். பணம் பறிக்கிறார்கள், கைபேசி திருடுகிறார்கள் என்று வாசகர்கள் எழுதுகிறார்களே, இது எப்படி ஒன்பது என்று இணையதள ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆறாகக் குறைத்தேன். அது அந்த வாசகர்களுடைய நகரத்துக்கான மதிப்பெண், என்னுடைய நகரத்துக்கு அல்ல.

ஏழாம் மாதம் பிறந்ததும் அம்மாவின் அழைப்புகள் கூடின. அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து மோட்டார் கொட்டகையிலிருந்து பேசுவாள்.

"இன்னா பாப்பா, கால் வீங்குதா?"

"லேசா."

"உப்ப கொறச்சிக்கோ. அங்க இன்னாவோ ரோட்லயே சுட்டுக்கிறானுங்கன்னு டிவில காட்டினான். உங்கப்பா பாத்துக்கினே இருந்தாரு. ஒண்ணும் பேசல. ஆனா சேனல மாத்தல."

"அது கடலோரத்து ஊர்லம்மா. நாங்க மல மேல இருக்கோம்."

"மலையோ மடுவோ. தலச்சம் புள்ள அம்மா ஊட்டுல தான் பொறக்கணும். பேசாம கெளம்பி வந்துடு. நம்ம ஊர்ல இன்னா பயம்?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஊட்டுக்கு வரச் சொல்லல" என்றாள் பிறகு. "பொம்மையார்பாளையத்துல கடலப் பாத்தா மாதிரி ரூம் வுடறாங்க. முட்டி வலின்னு சொல்லிட்டு நா போய்ப் பாத்துட்டே வந்துட்டேன். கட்டிலு நல்லா கீது. பாத்ரூம் உள்ளயே கீது, சுடுதண்ணி வருது. பாண்டி ஆஸ்பத்திரி கிட்டத்துல. நா பஸ்ஸு புடிச்சி வந்துக்கினு போய்க்கினு இருப்பேன்."

கட்டில், வெந்நீர், மருத்துவமனை, போக்குவரத்து. அம்மாவும் ஓர் ஊரை மதிப்பிட்டிருந்தாள். நான் எதையும் இவ்வளவு கவலையோடு மதிப்பிட்டதில்லை.

"அருள்?"

"அவரு அங்கயே வேலயப் பாக்கட்டும். ரூம்காரன் கேட்டா துபாய்ல கீறாருன்னு சொல்லிக்கலாம்."

"அம்மா, துபாய் ஒரு பக்கம்னா நாங்க இன்னொரு பக்கம்."

"ரூம்காரனுக்கு இன்னா தெரியும்?"

"கொழந்தய யாருதுன்னு கேட்டா?"

"அதான், துபாய்க்காரர் கொழந்த."

இன்னும் சில நாள் போனால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அருளிடம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "உங்கம்மா தனியா போயி ரூம் பாத்துட்டு வந்தாங்களா?" என்பதுதான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நா பின்வாசல்ல ஏறிப் பழகினவன். எனக்கு ஒண்ணுமில்ல. பொறக்கறதையுமா அப்பிடி ஏத்தணும்? ஆனா புள்ள பெக்கப் போறது நீ. அம்மா வேணும்னா போ. டிக்கெட் போடறேன்."

நான் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். பொம்மையார்பாளையத்தையும் குவென்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொழி, சாப்பாடு, வெந்நீரில் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு கை, வலி வந்தால் 'அம்மா' என்று கத்தினால் திரும்பிப் பார்க்க ஓர் அம்மா. எல்லாவற்றிலும் பொம்மையார்பாளையம்தான் ஜெயித்தது. எங்கள் ஊரிலிருந்து அது ஒரு பேருந்துப் பயணம். அதுதான் அதன் பலம், அதுதான் அதன் ஆபத்து. அங்கே என்னை யாரும் எதுவும் செய்துவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் குழந்தை யார் ஜாடை என்று ஒவ்வொருவர் கேட்கும்போதும் நானும் அம்மாவும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அந்த நொடியில் அந்தக் குழந்தை வளரும்.

"வரலம்மா" என்றேன்.

"ம்."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? அழுவறதுக்கு எடமில்லயேன்னு பாக்கறேன். ஊட்ல அழுதா உங்கப்பா ஏன்னு கேப்பாரு. வை, மோட்டார நிறுத்தணும்."

குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் நாள் குறித்தார். காலையில் முதல் ஆளாக எடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இங்கே காலை என்றால் அங்கே பொழுது சாயும் நேரம், அம்மா விழித்திருப்பாள். தேதியை அவளிடம் சொன்னேன். சாமியைக் கும்பிட்டுக்கொள் என்றாள், அருள் சாப்பிட்டாரா என்று முதல்முறையாகக் கேட்டாள்.

மயக்கம் தெளிந்து அறைக்கு வந்தபோது தோன்யா ரோசாரியோ என் மகளைக் கையில் வைத்திருந்தார். அருள் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள், நான் பார்த்திராத ஓர் அறையில், நீலச்சுவருக்கு முன்னால், குழல்விளக்கு வெளிச்சத்தில். அவள் பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

"எங்கம்மா இருக்க?"

"ரூம்ல தான். பொம்மையார்பாளையத்துல. முட்டிக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரில தங்கச் சொல்றாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அலச் சத்தம், காதுல பேஜாரு பண்ணுது. ஏய், அந்தம்மாவ தலயத் தாங்கிப் புடிக்கச் சொல்லு!"

தோன்யா ரோசாரியோ பாட்டிக்குப் பேத்தியைக் காட்டும் மகிழ்ச்சியில், "சீ, சீ" என்றார்.

"இன்னாடி, புள்ளயப் பாத்து சீ சீன்றா?"

"ஆமா ஆமான்னு சொல்றாங்கம்மா."

"அப்ப சரி. மூக்கு அப்பிடியே அவுங்க அப்பாது" என்றாள் அம்மா, உரக்க. மோட்டார் கொட்டகையில் அவள் அப்படிக் குரலெடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. தலையைத் துடைக்கச் சொன்னாள், காதைப் பார்க்கச் சொன்னாள், எனக்குப் பூண்டு கிடைக்குமா என்று தோன்யா ரோசாரியோவிடமே தமிழில் கேட்டாள். அவர் ஸ்பானிஷில் நீளமாகப் பதில் சொன்னார். இருவருக்கும் திருப்தி.

அப்போது அங்கே கதவைத் தட்டினார்கள். அம்மா கைபேசியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு எழுந்தாள். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"இன்னாம்மா, தனியா தான வந்தீங்க? சத்தம் ஜாஸ்தியா கீதே" என்றது ஓர் ஆண் குரல். அறைக்காரராக இருக்கவேண்டும்.

"எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துகீதுப்பா. பொம்பளப் புள்ள. போன்ல காட்றா."

"அட, நல்லது. மருமவன் கூட கீறாரா?"

நான் துபாய்க்காகக் காத்திருந்தேன்.

"கீறாரு. அவருதான் போன புடிச்சிக்கினு கீறாரு."

அருள் கைபேசியை இன்னும் சற்று நேராகப் பிடித்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

எங்கள் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் அடுத்தது எந்தத் தெரு, அதற்கடுத்தது யார் வீடு. மின்விசிறி சுற்றியது, அலை ஒன்று வந்து போனது. பிறகு அவள் முகம் திரை முழுக்க வந்தது.

"பாப்பா, உங்க ஊரு பேரு இன்னா சொன்ன?"

"குவென்கா."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "கொங்கா" என்றாள்.

"கொங்காவா? அது எங்க கீது, ஆந்திராவா?"

"ஆமா, அந்தப் பக்கந்தான்."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வருவதற்குள் கொஞ்ச நேரம் கடல் மட்டும் இரைந்தது. மலைமேல், மழைக்கு ஜன்னலை மூடியிருந்த அந்த அறையில், என் மகள் அந்தச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.