ஜீப்புக்கு சீல் மாற்றியவர்

ஒரகடத்தில் வேலை போய்விட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு சேரப்பணஞ்சேரி பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில், பழைய ஜீப்பின் முன்சக்கரத்தைக் கழற்றிப்போட்டு, கழுத்தில் சிலுவை தொங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றின் உள்விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் தடவிக் கீறல் தேடினார்.

"தம்பி, கொஞ்சம் கை குடேன். ஆயில் சீலு இது. காலைல தனியா ஆக்சில் தண்ட சொருவனேன், வெயிட்டுல சாஞ்சி ஒரு சீல அறுத்துடுச்சி. இதான் கடைசி."

"மெக்கானிக்கிட்ட விடலாமே?"

"நாளைக்கு வூட்டுக்காரிய ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாரணும்பா, கால் ஒடஞ்சி கீறா. பழைய சீலு போயி பிரேக்குல ஆயில் எறங்குது. அவ உக்கார்ற வண்டி, நானே பாத்தாதான் மனசு ஆறும்."

அந்த இரும்புத் தண்டை நான் தூக்கிப் பிடித்தேன். வளையத்தில் உரசாமல் அவர் உள்ளே விட்டார். "மெதுவா, மெதுவா" என்றது என்னிடமா தண்டிடமா என்று தெரியவில்லை.

எல்லாம் பூட்டி, ஒரு சுற்று ஓட்டிவந்து, சக்கரத்தடியில் செய்தித்தாள் விரித்தார். டீ குடித்து முடிக்கும்வரை இருவரும் அதையே பார்த்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத்தக் காட்டினாதான் ஏறுவா."

மறுநாள் காலை ஒரு சின்ன கம்பெனியில் அதேபோன்ற ரப்பர் வளையங்களைச் சோதித்து நல்லது கெட்டது பிரிக்கும் வேலையில் சேர்ந்தேன். ஒவ்வொன்றையும் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தேன்.

"இன்னாப்பா, தடவிகினே கீற? லைன் நிக்குது பாரு" என்றார் சூப்பர்வைசர்.