பெட்டி வண்டியைத் தேடி

காலை ஐந்தே கால் மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். வானம் மூடிக் கிடந்தது; மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வடசென்னையைச் சுற்றிப் பார்க்க என்று யாரும் ரயிலேறுவதில்லை. நானும் என் பாட்டுக்குத் திருச்சியிலேயே கிடந்திருப்பேன். அண்ணன் விரட்டியதால் வந்தேன்.

அண்ணன் ஒரு பழைய பிளஷர் கார் வாங்கியிருக்கிறார். எங்கள் அப்பா கறுப்பு வண்டி ஒன்றின் மேல் சாய்ந்து நிற்கும் புகைப்படம் வீட்டில் உண்டு. அதில் தெரியும் நம்பரைப் புரோக்கர்களிடம் சொல்லி வைத்துப் பல வருஷம் தேடி, கடைசியில் துறையூரில் ஒரு கொட்டகையில் அந்த வண்டியையே பிடித்துவிட்டார். நீளமான வண்டி. பின்பக்கத் தரையில் வரிசையாக மர உருளைகள் பதித்திருந்தன. அவற்றின் மேல் பலகை அடித்து, சீட் போட்டு, சந்தன நிறம் பூசினார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் தாத்தா ஓட்டிய வண்டியில்தான் ஊர்வலம் வருவார்கள் என்று சம்பந்தி வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

அப்பா யாருக்காக அதை ஓட்டினார் என்பதுதான் தெரியவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இங்கே ராயபுரத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். அப்பா எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். பட்டணத்தைப் பற்றிக் கேட்டால், பெட்டி வண்டி ஓட்டினேன் என்பதோடு வாயை மூடிக்கொள்வார். அவரும் போய்ப் பல காலம் ஆகிறது.

என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணனுக்கு ஒரே ஒரு ஞாபகம் இருக்கிறது. முன்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போகிறார். வண்டி மெதுவாக நகர்கிறது. தெருவில் இருப்பவர்கள் ஒதுங்கி நின்று கும்பிடுகிறார்கள். பின்னால் இருந்தவர் மகா பெரிய மனிதர், துறைமுகத்துத் துரையாக இருக்கலாம், உருளைகள் அவருடைய பெட்டிகளை ஏற்றத்தான் என்பது அண்ணன் போட்ட கணக்கு. அவர் பெயரைக் கண்டுபிடித்து, பித்தளைத் தகட்டில் வெட்டி வண்டியில் பதிக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்தப் பயணம்.

எழும்பூரிலிருந்து ராயபுரம் சுமார் ஆறு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டுநர் டில்லியிடம் மாலை வரை கூடவே இருக்க ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று பேசி முடித்தேன். ஏழு மணிக்கு ராயபுரம் மேம்பாலத்தருகே டீக்கடையில் விசாரணையைத் தொடங்கினேன். டீ பதினைந்து ரூபாய், சர்க்கரைப் பாகு. பெட்டி வண்டி என்று வாயெடுத்ததுமே எல்லோரும் வடக்கே கை காட்டினார்கள். எண்ணூருக்குப் போங்கள், அங்கே பெட்டி வண்டியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்றார்கள்.

எண்ணூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காசிமேடு தாண்டியதும் வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கு அப்பால் அழுக்குச் சாம்பல் நிறத்தில் கடல். இடப்பக்கம் நகராத டிரெய்லர் லாரிகளின் வரிசை. திருவொற்றியூர் வரும்போது என் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டே போனேன். டில்லி அதைக் கண்ணாடியில் பார்த்தார்.

எண்ணூரில் வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் ஓட்டுநரிடம் கைபேசியில் வண்டிப் படத்தைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். துறைமுகத்து ஆட்களுக்குப் பெட்டி என்றால் கண்டெய்னர். நாற்பதடிப் பெட்டியை இந்தக் காரின் தலையிலா ஏற்றினார்கள் என்று கேட்டார். நான் அசடு வழிய நின்றேன். டில்லி கைபேசியை வாங்கி, சீட் போடுவதற்கு முன் எடுத்த படத்தில் அந்த உருளைகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“சார், சொன்னா கோச்சுக்கக் கூடாது. நீ தேடிகினு வந்த பெட்டி இது இல்ல. எங்காண்ட சாவு வூட்டுக்கு வர்றதயும் பெட்டி வண்டின்னுதான் சொல்லுவாங்கோ.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பா அப்படிப்பட்ட வண்டி ஓட்டியவரில்லை என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். டில்லி ஆட்டோவைத் திருப்பினார்.

பன்னிரண்டரை மணிக்கு ராயபுரத்தில் ஒரு சவப்பெட்டிக் கடை முன்னால் நின்றோம். வாசலில் வாடகை ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது. முதலாளி சவரி என்னிடம் பேசுவதற்குள் இரண்டு பெட்டிகள் வெளியே போய்விட்டன. எண்பதை நெருங்கும் மனிதர். அப்பா பட்டணத்தில் இருந்த காலத்தில் இதே கடையில் சம்பளத்துக்கு இருந்தாராம். அப்பா படத்தைப் பார்த்ததும் அப்பாவின் பெயரைச் சொன்னார். வண்டி முதலில் ஒரு துரையினுடையதுதான். அவர் கப்பலேறிய பிறகு கடை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி உருளை பதித்தது, பெட்டியை ஒரே தள்ளில் உள்ளே அனுப்ப. துரையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளில் நீ கைக்குழந்தையா, பெரியவனா என்று என்னைக் கேட்டார். கைக்குழந்தை என்றேன்.

“பெட்டி வண்டி ஓட்றவன் சொந்த வூட்டு சாவுக்கு ஓட்டக் கூடாது, நைனா. வேற ஆளத்தான் போடுவோம். உங்கப்பா சாவியக் குடுக்கவே இல்ல. உன்னிய பக்கத்து வூட்ல குடுத்துட்டு, பெரியவன முன்னாடி குந்த வெச்சிகினு, உங்கம்மாவ அவரேதான் மூலக்கொத்தளத்துல பொதைக்க இட்டுகினு போனாரு. அதோட சாவிய மேஜை மேல வெச்சிட்டுப் போய்ட்டாரு.”

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அம்மா முகம் எனக்குத் தெரியாது. தெரியாதவளுக்காக அந்தக் கடையில் உட்கார்ந்து அழுதேன். சவரி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அங்கே அழுகிறவர்கள் தினமும் வருகிறார்கள்.

மூன்று மணிக்கு மூலக்கொத்தளம் போனேன். திருச்சியில் அப்பாவை எரித்தது காவிரிக் கரை ஓயாமரியில். இந்த இடம்தான் என்று இன்றைக்கும் கை காட்டுவேன். இங்கே புதைத்த மண்ணின் மேலேயே புதைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டேன்.

காலையிலிருந்து விடாமல் கூப்பிட்ட அண்ணனுக்கு அங்கிருந்து பேசினேன். ஏதாவது ஒரு துரை பெயரைச் சொல்லிவிட்டால் கல்யாணம் அவர் நினைத்தபடி நடந்துவிடும். சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். அவர் குரலைக் கேட்டதும் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

கல்யாணத்துக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனாலும் போனை வைக்கவில்லை.

“ரோட்ல எல்லாரும் நின்னு கும்பிட்டாங்கல்ல,” என்றார் கடைசியில். “நான் சன்னல்ல கைய வெளிய நீட்டி, ஒவ்வொருத்தருக்கா டாட்டா காட்டிக்கிட்டே போனேன்டா.”