ஒரு கிழமைப் படகும் ஒரு வழி டிக்கெட்டும்

டிக்கெட் போடுறவளுக்குக் கண் இருக்கலாம், காது இருக்கலாம், வாய் மட்டும் இருக்கக்கூடாது. ஆர் ஆரோட போகினம், ஆர் திரும்பி வரமாட்டினம் எண்டது வீட்டுக்காரருக்கு முந்தி எங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி, ஜன்னல் சீட்டோ நடைபாதைச் சீட்டோ எண்டு கேக்கோணும். கவுண்டருக்கு உள்ளுக்கை இருந்து சிரிச்சுச் சிரிச்சுத் தாடை நோகிற ஆக்கள் நீங்களும் எண்டால், என்ர பாடு உங்களுக்கு விளங்கும்.

எங்கட டிக்கெட் கடை பாரிசிலை, தமிழ்க் கடையள் நிறைஞ்ச லா சப்பலிலை. சென்னை, கொழும்பு, ரொறன்ரோ, பத்தொன்பது வருஷமா நான் போட்டதெல்லாம் இதுதான். போன கார்த்திகையிலை பலசரக்குக் கடைப் பரமண்ணையின்ர மகள் நிரூபா வந்தாள். தாய் தேப்பனை மாசி மாதம் கரிபியன் கடலிலை இருக்கிற குவாதலூப் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன், ஒரு கிழமைக்குப் பாய்மரப் படகு ஒண்டு வாடகைக்கு வேணும் எண்டாள். எங்கட முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. இந்த மாதிரி வியாபாரம் எங்களுக்கு இதுதான் முதல் தரம், படகு ஒழுங்காத் திரும்பிப் போகோணும் எண்டு என்னையும் கூட அனுப்பினார்.

ஓசிப் பயணம் எண்டு பொறாமைப்படாதேங்கோ. அண்டைக்கே நிரூபா குரலைத் தாழ்த்தி, தனக்கு மட்டும் திரும்பி வாற டிக்கெட் வேண்டாம் எண்டிட்டாள். அவள் நேர்ஸ். அங்கத்தை ஆஸ்பத்திரி ஒண்டிலை வேலை கிடைச்சிட்டுதாம், வீடும் பாத்திட்டாளாம். படகிலை வைச்சுத் தாயிட்டைத் தானே சொல்லுறன், நான் வாய் திறக்கக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினாள். கடலிலை ஒவ்வொரு நாளும் நான் அவளைப் பாப்பன், அவள் "நாளைக்கு" எண்டுவாள். அப்பிடியே படகைத் திருப்பிக் குடுக்கிற சனிக்கிழமையும் விடிஞ்சிட்டுது.

இறங்க ஒரு நேரம்

படகைக் காலமை ஒன்பது மணிக்குக் குடுக்கோணும். பரமண்ணையின்ர மனுசி சந்திராக்கா நாட்காட்டியை விரிச்சா. சனிக்கிழமை ஒன்பதிலையிருந்து பத்தரை மட்டும் இராகு காலம், தான் இறங்க மாட்டன் எண்டிட்டா. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, அது பாரிசுக்கு அடிச்ச நாட்காட்டி அக்கா, பாரிஸ் நேரத்தைப் பாருங்கோ எண்டன். பாத்தா. இஞ்சை ஒன்பது எண்டால் பாரிசிலை பின்னேரம் ரெண்டு மணி. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு எமகண்டம். நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கடைசியிலை வழியையும் அவவே கண்டுபிடிச்சா. நல்ல நேரத்துக்குள்ளை ஒரு பையை வெளியிலை வைச்சிட்டால் பயணம் தொடங்கினதாக் கணக்கு, பிறகு எப்ப இறங்கினாலும் குற்றமில்லை. எட்டு மணிக்குக் கைப்பையைக் கொண்டுபோய்த் துறையிலை வைச்சா. எங்கட படகோட்டி லுசியான், அந்த ஊர்க்காரர், நரைச்ச தாடி, தங்கமான மனுசன். ஆரோ மறந்துபோய் விட்ட பையெண்டு எடுத்துவந்து உள்ளுக்கை வைச்சார். அக்கா திரும்ப வெளியிலை வைச்சா. அவர் திரும்ப உள்ளுக்கை வைச்சார். அக்கா மூண்டாந்தரம் பையைத் தூக்கேக்கை அவவின்ர முகம் கறுத்துப்போச்சு, நான் ஓடிப்போய் லுசியானுக்கு எல்லாத்தையும் பிரெஞ்சிலை விளங்கப்படுத்தினன். அவர் தொப்பியைக் கழட்டிப்போட்டு அக்காவுக்கு முன்னாலை வந்து நிண்டார்.

"மதாம், அப்பிடியெண்டால் நான் உங்கட ரெண்டு பயணத்தைக் குழப்பிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வெள்ளை மெத்தை

புதன்கிழமை ஒரு பெரிய அலை அடிச்சு, மஞ்சள் போட்ட சொதிச் சட்டி சரிஞ்சு, படகின்ர வெள்ளை மெத்தையிலை பாதி மஞ்சளாப் போயிருந்தது. படகுக் கொம்பனிக்கு என்ன சொல்லுறது எண்டு பயந்துபோனன். ஒருத்தருக்கும் சொல்லாமல் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சன். மஞ்சள் போகேல்லை, சிவப்பா மாறிட்டுது! சொதி ஊத்தின மெத்தை இப்ப ஆரையோ வெட்டிக் கிடத்தின மெத்தை மாதிரி இருந்தது.

சந்திராக்கா என்னை ஏசின ஏச்சைக் கேட்டு மீன் எல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கும். பிறகு தேசிக்காய் தேய்ச்சு அலசி, மெத்தையைத் தூக்கிப் படகின்ர முன்பக்கத்திலை வெயிலிலை போட்டா. வியாழனும் வெள்ளியும் அது அங்கையே கிடந்தது. வெயில் காயப் படுக்க வந்த நிரூபாவையும் கலைச்சுவிட்டா. சனி காலமை படகுக் கொம்பனிப் பெண் வந்து மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. ஒரு பொட்டு இல்லை. வந்தபோது இருந்ததைவிட வெள்ளையா இருக்கு, என்ன மருந்து போட்டனீங்கள் எண்டு அவ கேட்க, நான் அக்காவைக் காட்டினன். அக்கா அவவுக்குப் பதில் சொல்லேல்லை, எனக்குத்தான் சொன்னா.

"மஞ்சளுக்குச் சூரியன்தான் மருந்து. லா சப்பலிலை லைட்டுக்குக் கீழை இருந்து இருந்து உனக்கு இதெல்லாம் மறந்துபோச்சு."

கூடின சாமான்

அடுத்தது சாமான் எண்ணுறது. கொம்பனிப் பெண் பட்டியலை வைச்சுக்கொண்டு அலுமாரி அலுமாரியாத் திறந்தா. சட்டி நாலு எண்டு எழுதியிருக்கு, ஏழு இருந்தது. கரண்டி பன்ரெண்டு, இருந்தது பத்தொன்பது. சந்திராக்கா பாரிசிலையிருந்து கொண்டுவந்த சட்டி பானையும் அவையின்ர சட்டி பானையும் ஒண்டாக் கழுவி, துடைச்சு, பெரிசு சிறிசு பாத்து அடுக்கியாச்சு. எது ஆற்றை எண்டு இப்ப அவவுக்கே தெரியாது. பட்டியலிலை உடைஞ்சதுக்கு ஒரு கட்டம் இருக்கு, காணாமல் போனதுக்கு ஒரு கட்டம் இருக்கு. கூடினதுக்குக் கட்டம் இல்லை.

இதுக்குள்ளை பரமண்ணை துறையிலை கடை விரிச்சிட்டார். மிஞ்சின அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாத்தையும் திகதி பாத்து வரிசையா வைச்சு, பக்கத்துப் படகிலை அண்டைக்குப் புறப்படுற பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சும்மா குடுத்துக்கொண்டிருந்தார். தூள் அரைக் கரண்டிக்கு மேலை போடக்கூடாது எண்டு அந்தத் தேப்பனுக்கு மூண்டு தரம் சொன்னார். நான் நிரூபாவைத் தேடிப் போனன். முன்பக்கத்திலை காலைத் தொங்கப்போட்டபடி இருந்தாள். இப்ப சொல்லு பிள்ளை, அப்பா சந்தோசமா நிக்கிறார் எண்டன். கண் கலங்கிப்போச்சு அவளுக்கு. எயார்போட்டிலை எண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைத் தண்ணிக்குள்ளை தள்ளியிருப்பன். கீழை கொம்பனிப் பெண் இன்னும் பேனையைப் பிடிச்சபடி நிண்டா.

"பதினாறு வருஷமா நான் இந்த வேலை பாக்கிறன், சாமான் கூடி வந்த படகு இதுதான். நான் எங்கை கையெழுத்துப் போடுறது?"

நாலு பேர், மூண்டு டிக்கெட்

எயார்போட் வரிசையிலை எங்களுக்கு முன்னாலை ரெண்டு பேர்தான் நிண்டினம். பரமண்ணை எல்லாற்றை பாஸ்போட்டையும் கையிலை அடுக்கிப் பிடிச்சிருந்தார். இன்னும் ஐஞ்சு நிமிசத்திலை கவுண்டரிலை இருக்கிறவள் சொல்லிப்போடுவாள். நான் நிரூபாவின்ர கையை நுள்ளினன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சிலை, பிரெஞ்சிலை சொன்னாள். வேலை, வீடு, தொடங்கிற நாள், எல்லாம். பரமண்ணையின்ர கையிலையிருந்து பாஸ்போட் ஒண்டு கீழை விழுந்தது. சந்திராக்கா இருபது வருஷமா லா சப்பலிலை கடையிலை நிண்டவ, பிரெஞ்சு வடிவா விளங்கும். ஆனால் என்னைத் திரும்பிப் பாத்து, என்ன சொல்லுறாள் எண்டு கேட்டா. வாய் இருக்கக்கூடாத நான் தமிழிலை முழுக்கச் சொன்னன்.

இந்த டிக்கெட் நீதானே போட்டனீ எண்டா. ஓம் அக்கா எண்டன். எப்ப எண்டா. கார்த்திகையிலை எண்டன். அவ என்னைப் பாத்த பார்வைக்கு எமகண்டமே பரவாயில்லை. பிறகு மகளிட்டைத் திரும்பினா. ஏழு நாள் ஒரு படகிலை தோளோட தோள் முட்டக் கிடந்தனாங்கள், என்னட்டைச் சொல்ல உனக்கு அவ்வளவு பயமோ எண்டு கேட்டா. நிரூபா அப்பதான் தமிழுக்கு வந்தாள்.

"பயமில்லை அம்மா. நீங்கள் அழுதால் நான் இஞ்சை நிக்க மாட்டன். உங்களோடயே திரும்பி வந்திடுவன்."

சந்திராக்கா அழேல்லை. மூக்குச் சிவந்தது, உதடு துடிச்சது, ஆனால் ஒரு சொட்டு விழ விடேல்லை. குனிஞ்சு தன்ர பெட்டியைத் தள்ளுவண்டிலிலையிருந்து இறக்கி நிலத்திலை வைச்சா. அப்ப கடைக்கு ஆர் நிக்கிறது எண்டு பரமண்ணை மெல்லக் கேட்டார், அவ காதிலை போடேல்லை. அழுதது நானும் நிரூபாவும்தான். வரிசையிலை பின்னாலை நிண்ட சனம் எங்களைச் சுத்திக்கொண்டு போகத் தொடங்கினது. அக்கா தன்ர பாஸ்போட்டை எடுத்து என்ர கையிலை வைச்சா.

"என்ர டிக்கெட்டை ஒரு கிழமை தள்ளிப் போடு. இவள் எங்கை படுக்கிறாள், என்னத்தைத் தின்னுறாள் எண்டு பாத்துப்போட்டு வாறன்."

விமானத்திலை பரமண்ணை எனக்குப் பக்கத்திலை, சந்திராக்காவின்ர சீட்டிலை தன்ர தொப்பியை வைச்சிட்டு இருந்தார். சாப்பாடு வந்தது, தொடேல்லை. பிறகு என்ர பக்கம் சாய்ஞ்சு கேட்டார்.

"தங்கச்சி, அவவுக்கு ஒரு கிழமை காணும் எண்டு நீ நம்பிறியோ?"

இப்ப பங்குனி முடியுது, அந்த டிக்கெட்டை நான் நாலாந்தரம் தள்ளிப் போட்டிருக்கிறன். பிள்ளைக்கு ஒரு வழி டிக்கெட் போட்டால் தாயின்ர திரும்பிற திகதியை பேனையாலை இல்லை, பென்சிலாலை எழுதோணும் எண்டு இந்தத் தொழிலிலை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை.