அக்காவுக்கு எழுதிய கடுதாசி

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது விழுந்து செத்தார். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

பல வருஷம் கழித்து என் தம்பியும் அதே வேலையில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். சீன டாக்டர் மலாயில் சொன்னார். நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னாள்.

"இதயத்துச் சதை தடிச்சுப் போச்சு அண்ணே. பரம்பரையா வர்றது. உங்க அப்பாவுக்கும் இதான் இருந்திருக்கும். பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பொறந்தவங்க எல்லாரும் வந்து பாக்கணும்."

என்னையும் சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. தம்பி அந்த வருஷமே போய்விட்டான்.

அக்காவை வரச்சொல்லி ஒரு கடுதாசி கொடுத்திருந்தார்கள். டத்தோ கிராமாட்டில் அவள் வீடு. கொண்டுபோனேன். மகளுக்குப் பரிசம் போட்டிருந்த நேரம்.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"ஒரு தடவை பாத்துடு அக்கா."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நோயாளிக் குடும்பம்னு ஓடிடுவாங்க லா. பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் கடுதாசியை உன் வீட்டுலயே வை."

பிஸ்கட் டின்னில் வைத்தேன்.

கல்யாணம் முடிந்தது. கேட்டேன். மகள் மாசமாக இருக்கிறாள், பயமுறுத்தாதே என்றாள். பெண் குழந்தை பிறந்தது. கேட்டேன். நேர்த்திக்கடன் முடியட்டும் என்றாள். மகளிடம் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று அக்கா மகள் பால்குடத்தோடு தண்ணீர்மலைக் கோயில் படி ஏறினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. நான் இரண்டு படி பின்னால். பாதியில் நின்றாள்.

"என்ன புள்ள?"

"படபடன்னு வருது மாமா."

"குடத்தை என்கிட்டக் குடு. உக்காரு."

"என் வேண்டுதல் நீங்க தூக்குறதா? மாமா, மூச்சு வாங்குறது உங்களுக்குத்தான்." சிரித்தாள். ஏறினாள்.

நாலு படி. முதலில் குடம் விழுந்தது. பிறகு அவள். சுற்றி நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று விலகி இடம் விட்டார்கள். வேல் வேல் என்று கத்தினார்கள். ஒருவர் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். எனக்கு மட்டும் தெரியும். அருள் இல்லை, தூக்குங்கடா என்று கத்தினேன். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டபோது மூச்சு நின்றிருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அக்கா வந்தாள்.

"அந்தக் கடுதாசி இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனோம். அதே டாக்டர். கடுதாசியில் இருந்த தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அக்காவுக்கு இருந்தது. குழந்தைக்கு இப்போது இல்லை. வளர வளர வரலாம், அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் வேணாம்னா நீ விட்டுடுவியா?"

அடுத்து வரவேண்டிய தேதி எழுதிய அட்டையை அவளிடம் கொடுக்கவில்லை. அடுத்த தடவை நானே கூட்டிப்போக, என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.